ரத்தக் காட்டேரிப் படமும் வளவில் உட்கார்ந்த பிள்ளைகளும்

போன வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 18 பேர் கூடியிருந்தோம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பங்காளிகள் பலருக்கும் பாத்தியப்பட்ட பழைய வீடு. வருஷத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். பொங்கல், திருவிழா, கல்யாணம் என்றால்தான் வீட்டின் எல்லாக் கட்டுகளிலும் விளக்கு எரியும். மாட்டுப் பொங்கலன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், என் கணவரின் அண்ணன் மகன் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டிப் புரொஜெக்டரை வைத்தான். தமிழில் டப்பிங் செய்த ஆங்கிலப் படம். நீளக் கோட்டுப் போட்ட ஒருவன் ரத்தம் குடிக்கும் கூட்டத்தைத் தேடித் தேடி வெட்டுகிற கதை. பென்டிரைவில் வந்த பிரதி என்பதால் ஆரம்பத்தில் சான்றிதழ் வரவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவர் 78 வயது அப்பத்தா. இளையவள் என் மகள், 6 வயது.

மகள் என் மடியில்தான் இருந்தாள். அழவில்லை, கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை. என் முந்தானை நுனியை மென்றுகொண்டே கடைசி வரை பார்த்தாள். "பாரு, பிள்ளை பயப்படவே இல்லை" என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ராத்திரி 2 மணி வாக்கில் என்னை எழுப்பினாள். ஒன்றுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் தாண்டிப் பின்வாசல் வரை நடக்க வேண்டும். விளக்கைப் போட்டுக் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. குளிர்ந்த ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்றபடி சொன்னாள்: "முதல்ல உங்க பல்லைக் காட்டுங்கம்மா."

காட்டினேன். இரண்டு கோரைப் பற்களையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையைக் கொடுத்தாள்.

"குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்று ஒரு படத்தைப் பற்றிக் கேட்கும்போது நாம் உண்மையில் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த ராத்திரிக்குப் பிறகுதான் தீவிரமாக யோசித்தேன். தேடிப் படித்ததையும் வீட்டில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சான்றிதழை எப்படிப் படிப்பது

முதலில் சட்டம். இந்தியாவில் 1952ஆம் வருஷத் திரைப்படச் சட்டத்தின்கீழ் படங்களுக்குச் சான்றிதழ் தரப்படுகிறது. நாம் இன்னும் 'சென்சார்' என்றே சொல்கிறோம். வெகுகாலம் எல்லோருக்குமான 'யு', பெரியவர்களுக்கு மட்டுமான 'ஏ' என்று இரண்டே வகைதான் இருந்தன. 1983இல் நடுவே 'யு/ஏ' வந்தது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். ஆனால் 5 வயதுப் பிள்ளையும் 11 வயதுப் பிள்ளையும் ஒன்றா? அந்தக் குறை 2023இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் தீர்ந்தது. இப்போது 'யு/ஏ' வகைக்குள் 7+, 13+, 16+ என்று மூன்று படிகள் இருக்கின்றன.

அந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 'யு/ஏ' வயதுக் குறிப்பு பெற்றோரும் பாதுகாவலரும் யோசித்து முடிவெடுப்பதற்கு மட்டும்தான். அவர்களைத் தவிர வேறு யாரும் அதை வைத்துப் பிள்ளையைத் தடுக்க முடியாது. அதாவது 16+ போட்ட படத்துக்கு 6 வயதுப் பிள்ளையோடு போனாலும் தியேட்டர் வாசலில் நிறுத்த வழியில்லை. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்குத்தான் அந்தத் தடை. மற்றபடி முடிவெடுக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. 'யு/ஏ தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது, சட்டம் நம் கையில் கொடுத்த வேலையைத் திரும்பச் சட்டத்திடமே தள்ளிவிடுகிறோம்.

அமெரிக்கத் தர அடையாளத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களும் உண்டு. அங்கே 'ஆர்' என்றால் 17 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோரோடு வந்தால் உள்ளே போகலாம். நம் 'ஏ' அப்படியல்ல, பெற்றோர் கூட வந்தாலும் அனுமதி கிடையாது. 'பிஜி-13' என்ற வகை 1984இல் அங்கே வந்தது. ரத்தம் அதிகம் காட்டாமல் கொன்றால் அந்த வகைக்குள் அடங்கிவிட வாய்ப்பு உண்டு. அதனால் 'ஆர்' படத்தைவிட அதிகம் பேர் சாகிற 'பிஜி-13' படங்களும் இருக்கின்றன. தர அடையாளம் கீழே இறங்கினால் கொலை குறைந்தது என்று பொருள் இல்லை. ரத்தம் குறைந்தது என்று மட்டும் இருக்கலாம்.

நம் பழைய படங்களின் 'யு'வையும் கொஞ்சம் கவனத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குப் பெற 'யு' சான்றிதழ் வேண்டும் என்று 2011இல் ஒரு நிபந்தனை வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும் வரை அதில் தயாரிப்பாளர்களுக்குப் பெரும் பணம் இருந்தது. அந்த வருஷங்களில் அடிதடிப் படங்கள்கூட வெட்டித் தைத்தாவது 'யு' வாங்கப் பாடுபட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு குழப்பம், "டிவியில போட்ட படம்தானே" என்பது. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கித்தான் போட வேண்டும். அதே படத்தை ஓடிடியில் தேடிப் போட்டால் வெட்டாத பிரதி வர வாய்ப்பு உண்டு. ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி தாங்களே வயதைக் குறிக்கின்றன. எதனால் அந்த வயது என்பதையும், வன்முறையா, கெட்ட வார்த்தையா என்று கூடவே சொல்ல வேண்டும். 13+ முதல் அதற்கு மேல் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். ஆனால் பொங்கல் வீட்டில் யாரோ ஒரு சித்தப்பாவின் கணக்கில்தான் டிவி ஓடுகிறது. பூட்டை அவர் எப்போதோ திறந்து வைத்திருப்பார்.

இந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது

வேம்பயர், அதாவது ரத்தக் காட்டேரி, வரும் அதிரடிப் படத்துக்கு மற்ற சண்டைப் படங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வெட்டுப்படுகிறவன் மனிதன் இல்லை. மனிதன் போல நடக்கிறான், பேசுகிறான், கெஞ்சுகிறான், ஆனால் கதைப்படி ஏற்கெனவே செத்தவன். அதனால் நாயகன் எத்தனை பேரை வெட்டினாலும் போலீஸ் வராது, வழக்கு வராது, அழுகிற குடும்பம் வராது. சில படங்களில் உடலே மிஞ்சாது, சாம்பலாக உதிர்ந்துவிடும். வன்முறையைப் பெருமைப்படுத்தவோ நியாயப்படுத்தவோ கூடாது என்று நம் சான்றிதழ் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இந்த வகையிலோ அந்த நியாயம் கதையின் அஸ்திவாரத்திலேயே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

1998இல் வந்த 'பிளேடு' படத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த வகைக்கு வாசல் திறந்த படங்களில் ஒன்று. அமெரிக்காவில் 'ஆர்'. படம் தொடங்குவதே கடிபட்ட ஒரு கர்ப்பிணியின் பிரசவத்தில். கொஞ்ச நேரத்தில் ஒரு நடனக் கூடம். கூரைக் குழாய்களிலிருந்து ஆடுகிறவர்கள் மேல் ரத்தம் மழையாகக் கொட்டும். இவ்வளவும் சீக்கிரமே வந்துவிடும். பெற்றோர் "சரி, கொஞ்சம் பார்த்துவிட்டு நிறுத்துவோம்" என்று நினைத்து முடிப்பதற்குள் பிள்ளை பார்க்க வேண்டியதைவிட அதிகம் பார்த்திருக்கும்.

ஆனால் அந்தப் படத்தில் என்னை அதிகம் உறுத்துவது ரத்த மழை இல்லை. நாயகன் செத்துப்போனதாக நம்பியிருந்த தாய், பிற்பகுதியில் ரத்தம் குடிப்பவளாக எதிரியின் பக்கம் நிற்கிறாள். மகனே அவளைக் கொல்கிறான். இந்த வகைக் கதையின் நடுநரம்பே இதுதான். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலிலும் லூசி என்ற பெண் செத்த பிறகு எழுந்து வந்து சிறு பிள்ளைகளைக் கடிக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனே அவள் நெஞ்சில் முளையை அடிக்கிறான். நம்மவர் அதே முகத்தோடு வந்து நிற்பார், ஆனால் நம்மவராக இருக்க மாட்டார் என்ற பயத்தைத்தான் வேம்பயர் கதை 100 வருஷத்துக்கு மேலாக விற்கிறது. ராத்திரி 2 மணிக்கு என் பல்லைப் பார்க்கக் கேட்ட பிள்ளைக்கு அது பிசகில்லாமல் புரிந்திருந்தது. பெரியவர்கள் நாங்கள்தான் ரத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கடிக்கிற காட்சி பெரும்பாலும் முத்தக் காட்சி போலவே எடுக்கப்பட்டிருக்கும் என்பது இன்னொரு சங்கதி. அன்றைக்கு அப்படி ஒரு இடம் வந்ததும் அப்பத்தா தொண்டையைச் செருமினார்கள். பையன் பாய்ந்து புரொஜெக்டர் முன்னால் உள்ளங்கையை வைத்தான். வேட்டி முழுக்க ஐந்து விரல் நிழல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தலை தனியாக உருண்டது. அப்போது எந்தக் கையும் குறுக்கே வரவில்லை. எங்கள் வீடு மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதுதான் வழக்கம். முத்தத்தை மறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலை உருளும்போதும் அந்தக் கை நீண்டிருக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் ரத்தம் புதிதா?

மறுநாள் இதைச் சொன்னபோது உடனே ஒரு பதில் வந்தது. "கருப்பர் கோவிலில் கிடா வெட்டுறதைப் பார்த்து வளர்ற பிள்ளைங்க. சினிமா ரத்தமா பெரிசு?" நியாயமான கேள்விதான். இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் செட்டிநாட்டில் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கொடூரமான முகங்கள் புதிதில்லை. ஊர் எல்லையில் விழி பிதுங்க, மீசை முறுக்கி, கையில் அரிவாளோடு முனி உட்கார்ந்திருப்பார். பார்த்ததும் பயம் வரும். ஆனால் பயப்படும் அந்த நொடியிலேயே பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார். "சாமிப்பா, நம்மளக் காவல் காக்குறவர், கும்பிட்டுக்க" என்பார். அந்த அரிவாள் யாருக்கு எதிரானது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பயத்துக்கு ஓர் இடமும் உண்டு. அது ஊர் எல்லையில் இருக்கிறது, நம் அடுப்படியில் இல்லை. கிடா வெட்டும் அப்படித்தான். நேர்ந்துகொண்டது, வெட்டினார்கள், சமைத்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. அதையும் சில பிள்ளைகள் தாங்குவதில்லை. அவர்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவதும் நம் வழக்கம்தான். யாரும் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து முழுக்கப் பார்க்கச் சொல்வதில்லை. படத்துக்கு முன்னால் மட்டும் ஏன் சொல்கிறோம்?

இலக்கியத்திலும் ரத்தம் குடிக்கிற பேய்களுக்குக் குறைவில்லை. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பரிமாறிக் குடிக்கின்றன. படித்தால் சிரிப்பும் வருகிறது. வேதாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது தலைப்பில் வேதாளத்தை 'வேம்பயர்' என்றே சொன்னார். முருங்கை மரத்திலிருந்து இறங்கி முதுகில் ஏறும் பிணம் அது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கினார்கள்.

காரணம், சொல்லும் படமும் வேலை செய்கிற விதம் வேறு. அப்பத்தா கதை சொல்லும்போது பிள்ளை தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் பேயைக் கற்பனை செய்துகொள்கிறது. 4 வயதுப் பிள்ளையின் வேதாளம் அந்தப் பிள்ளை உயரம்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் அப்பத்தா முகத்தைப் பார்த்துக் குரலைத் தணிப்பார்கள், இல்லை வேதாளத்துக்குப் பசிக்க வைத்து இட்லி கொடுப்பார்கள். படத்தில் பேய் முழு அளவில், முழுச் சத்தத்தில் வருகிறது. பார்க்கிறவருக்கு 6 வயதா 40 வயதா என்று அதற்குத் தெரியாது.

வயதுக்கு வயது வேறு பயம்

பிள்ளைகளின் திரைப் பயத்தைப் பற்றிப் பல காலம் ஆய்வு செய்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் கேன்டர். பள்ளி சேரும் வயதையொட்டிய சிறு பிள்ளைகளுக்கு ஒன்று எப்படித் தெரிகிறது என்பதே எல்லாம். கோரமாகத் தெரிந்தால் அது கெட்டது. நல்ல மனிதன் கோபம் வந்தால் பச்சை ராட்சசனாக மாறும் 'ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரும் உடன் ஆய்வாளரும் பார்த்தபோது, மாறிய ராட்சசன் நல்லதே செய்தும் சிறு பிள்ளைகள் அவனைக் கண்டு பயந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பவன் அதே நல்லவன் என்று புரிந்தது. 9, 10 வயதைத் தொட்டதும் பயம் இடம் மாறுகிறது. பேய் போய், நிஜத்தில் நடக்கக்கூடியவை வருகின்றன: திருடன், விபத்து, பிள்ளை கடத்தல், பெற்றோர் சாவு.

இதை நான் வீட்டிலேயே கண்டேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் சினிமா ஷூட்டிங் நடப்பது வழக்கம். சினிமா எங்கள் ஊருக்கு நேற்று வந்ததில்லை. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் இருந்த ஏவிஎம் ஸ்டூடியோவில்தான் உருவானது. பக்கத்துத் தெரு வீட்டில் ஒரு சண்டைக் காட்சி எடுத்தபோது பிள்ளைகள் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சட்டை முழுக்கச் சிவப்பாக ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து 10 வயதுப் பையனுக்குத் திரை ரத்தம் ஒரு பொருட்டே இல்லை. "சாயம் சித்தி" என்பான். என் மகளும் அதே ஆளைத்தான் பார்த்தாள், அவளுக்கும் சாயம் என்று தெரியும். தெரிந்தும் பயன்படவில்லை. அந்த வயதில் அறிவு ஒரு பக்கம் இருக்கும், கண் ஒரு பக்கம் இருக்கும். "பொய்தானேடா, நடிப்புதானே" என்று நாம் எத்தனை தரம் சொன்னாலும் அது காதோடு நின்றுவிடும்.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் கவலை வேறு மாதிரி. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய புகழ்பெற்ற பொம்மைச் சோதனைகளில், பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த பிள்ளைகள் அவரை அவ்வளவாகப் பின்பற்றவில்லை. பரிசு கிடைத்ததைப் பார்த்தவர்கள் அதிகம் பின்பற்றினார்கள். திரை வன்முறை நிஜ வன்முறையாக மாறுமா என்பதில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. வேம்பயர் படம் பார்த்துவிட்டு எங்கள் பையன் கத்தி எடுப்பான் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் நாயகன் வெட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் கைதட்டும் இசை இருக்கிறது. கெஞ்சுகிறவனை வெட்டும்போதும் அதே இசைதான். 14 வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் அந்த இடத்தில் "அவன் கெஞ்சினானே, கவனிச்சியா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். எனக்கு அதுவே போதும்.

நாங்கள் இப்போது செய்வது

படத்தைக் குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். எங்கள் கூடத்தில் 6 வயதிலிருந்து 78 வயது வரை இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே படம் என்றால் அது சின்னப் பிள்ளைக்கான படமாகத்தான் இருக்க முடியும். பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. சின்னவளை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கான படத்தைப் போட்டால்தான் குறையும்.

யாராவது ஒரு பெரியவர் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். முழுக்க உட்கார நேரம் இல்லை என்றால் முதல் 15 நிமிடமும் கடைசி 20 நிமிடமும் போதும். இந்த வகைப் படங்கள் தொடக்கத்தில் ஒரு பெரிய ரத்தக் காட்சியைப் போட்டுத் தங்கள் அளவைக் காட்டிவிடும், கடைசியில் அதைத் தாண்டும். ரத்தத்தை விட்டுவிட்டு வேறு சிலதைத் தேடுகிறேன். அம்மாவோ அப்பாவோ பேயாக மாறுகிறார்களா, சிறு பிள்ளை மாட்டிக்கொள்கிறதா, வெட்டுவதைப் படம் ரசிக்கிறதா, அல்லது வேறு வழியில்லாமல் செய்ததாகக் காட்டுகிறதா. சத்தத்தைக் குறைத்து ஒரு தரம் பார்ப்பதும் உதவுகிறது. இசை இல்லாமல் பார்க்கும்போதுதான் என்ன நடக்கிறது என்பது தெரிகிறது.

இந்த வருஷப் பொங்கலுக்கு 13 வயது தாண்டியவர்கள் மாடியில் ஒரு 13+ படம் பார்த்தார்கள், பெரிய பையன் கூட இருந்தான். 15 வயதுக்காரன் ஒரு 'ஏ' படத்துக்காக என்னிடம் மன்றாடினான். "என் கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க சித்தி." முடியாது என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை. கீழே வளவில் சின்னவர்கள் அப்பத்தாவைச் சுற்றிப் படுத்துக்கொண்டார்கள்.

ஏற்கெனவே பார்த்துப் பயந்த பிள்ளையை என்ன செய்வது? சிறு பிள்ளைக்கு விளக்கம் உதவாது என்று நான் அனுபவத்தில் கற்றேன். கேன்டரும் அதையே சொல்கிறார். தொடுவதும் அணைப்பதும் கூடவே நடப்பதும்தான் உதவும். போன வருஷம் அந்தப் படத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் என் மகள் என் கன்னத்தில் கை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். கையை எடுக்கச் சொல்லவில்லை. பல்லைக் கேட்ட போதெல்லாம் காட்டினேன். "இன்னுமா?" என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலன்று காலையில் அடுப்படியில் அப்பத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். மகள் இரண்டு தேங்காய்ச் சில்லை எடுத்து மேலுதட்டுக்குள் கூராக வைத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றாள். வாயைத் திறக்காமல் என்னென்னவோ உறுமினாள். அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கடிக்கிறதுன்னா கடிச்சுக்க. முதல்ல அந்தச் சில்லை மென்னு முழுங்கு, வேணும்னா இன்னொண்ணு தாரேன்."

மகள் மென்றாள். பிறகு இன்னும் இரண்டு சில்லுக்குக் கையை நீட்டினாள்.